ஆறு கோட்டுக்கு எத்தனை பிடி உப்பு?

அன்றைக்கு நான் கஞ்சியில் எத்தனை பிடி உப்புப் போட்டேன்? ஒன்றா, இரண்டா, மூன்றா? ஏழு வருஷமாக இந்தக் கேள்வி என்னோடு வீடு மாறி வந்திருக்கிறது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் பிறந்த கேள்வி, இப்போது புக்கிட் மேராவில் ஏழாவது மாடியில், வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள வீட்டில், சௌகரியமாகக் குடியிருக்கிறது. பதில் மட்டும் வந்து சேரவில்லை.

சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். நான் சொல்லுவது குடிக்கிற கஞ்சி அல்ல, துணிக்குப் போடுகிற கஞ்சி. அதில் நீலம் வேறு கலந்திருந்தேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் நீலத்தை நாக்கில் வைத்தால், பால் வழியாக அது போய்க் குழந்தையும் நீலமாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். (சிரிக்காதீர்கள். ஏழாம் வகுப்பு வரை படித்தவள்தான் நான். படித்ததால்தான் இவ்வளவு பயம்.)

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கிளப்பில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருந்தார். அங்கே தலை நரைத்தவரையும் ‘பாய்’, அதாவது பையன், என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கோட்டு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். கழுத்துவரை மூடிய முழுக்கை வெள்ளைக் கோட்டு. முன்பக்கம் ஒரு வரிசை பித்தளைப் பொத்தான், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்று. கழற்றித் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே அது நிற்க வேண்டும், அந்த அளவுக்கு விறைப்பு. சலவைச் செலவு அவரவர் பாடு. சலவைக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சத்தில்தான் வாடகை, அரிசி, ஆறு மாதக் குழந்தை மாலா, நாங்கள் இருவர். மாதக் கடைசியில் எங்கள் வீட்டு ரசத்தில் பாத்திரத்தின் அடி தெரியும்.

ஒரு நாள் நானே வாயைக் கொடுத்தேன். அந்தக் கோட்டை நானே துவைத்துக் கஞ்சி போட்டால் என்ன என்று கேட்டேன். கேட்ட மறு நிமிஷமே, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அதற்குள் அவர் கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால் கோட்டு நின்றது. அதைப் பார்த்து அவரோடு வேலை செய்யும் ஐந்து பேர் தங்கள் கோட்டுகளையும் அனுப்பினார்கள். சலவைக்காரர் வாங்குவதில் பாதி எனக்கு. அந்த ஐந்து பேருக்கும் பேச்சாளர் பெரியசாமி அண்ணன். என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயது பெரியவர், எதையும் நல்லதாகவே பார்க்கிறவர். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு சம்பவம் போதும்.

இரண்டாவது வாரம் இஸ்திரிப் பெட்டி கஞ்சியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது பெரியசாமி அண்ணன் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது, படகு மாதிரி. நான் அழுதேன். அண்ணன் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அந்த வாரம் முழுக்க அவர் கிளப்பில் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. பரிமாறிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாராம். எத்தனை மரியாதை தெரிந்த ஆள் என்று துரைமார்கள் பேசிக்கொண்டார்களாம்.

மரியாதை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரியும். அதனால் வழி தேடினேன். பக்கத்து வீட்டு ராவியா அக்காவிடம் பழைய பெண்கள் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றில் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் இது இருந்தது: துணிக்குப் போடும் கஞ்சியில் சேலைக்கு ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் இஸ்திரிப் பெட்டி ஒட்டாது. அச்சில் வந்த எதையும் நான் சந்தேகப்படுவதில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவேன்.

அந்தச் சமயம் பார்த்துக் கிளப்பின் தலைவர் சீமைக்குத் திரும்புவதாகவும் அவருக்குப் பிரிவு விருந்து என்றும் செய்தி வந்தது. கிளப்பில் இவர்களுக்கெல்லாம் மேலாளாக, பட்லராக இருந்தவர் ஒரு ஹைனான் சீனர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. விருந்தன்று எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கோட்டுகளைப் பார்ப்பேன், எவன் கோட்டு சரியில்லையோ அவன் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, “இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் பாத்துச் செய் வசந்தா” என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆறு கோட்டு, ஆறு குடும்பத்துச் சோறு, எல்லாம் என் அண்டாவுக்குள்.

விறைப்பாகச் செய்ய வேண்டுமானால் கஞ்சி நிறைய வேண்டும். எங்கள் இருவருக்கு வடிக்கிற சோற்றில் வருகிற கஞ்சி இரண்டு கோட்டுக்குக்கூடக் காணாது. ஆகவே விருந்தன்று காலையில் எங்கள் வரிசையில் இருந்த மற்ற ஏழு வீட்டுக்கும் பாத்திரத்தோடு போய் வடித்த கஞ்சியைக் கேட்டேன். எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

இங்கே எங்கள் வரிசையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஒரு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதற்குள் போகும். மத்தியானம் பால்கார வீரப்பண்ணன் தம்முடைய செவலை மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். மாடு வீடு வீடாக நின்று பானையில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டே போகும். அதற்காக மறுநாள் காலையில் பால் ஊற்றும்போது வீரப்பண்ணன் ஒரு சிறு கொசுறு ஊற்றுவார். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. ஆனால் யாரும் மீறியதில்லை. முக்கியமாகச் செவலை மீறியதில்லை. முதல் வீட்டில் தொடங்கி எட்டாவதான எங்கள் வீட்டில்தான் முடிக்கும்.

எட்டு வீட்டுக் கஞ்சியும் என் அண்டாவுக்கு வந்தது. அது யாருக்கு உரிய கஞ்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவைப் பூட்டினால் பூட்டினோமா என்று மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள், இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அடுத்தது உப்பு. பத்திரிகை சொன்னது ஒரு சேலைக்கு ஒரு சிட்டிகை. கோட்டு சேலையைவிடக் கனம், ஆகவே இரண்டு சிட்டிகை. ஆறு கோட்டுக்குப் பன்னிரண்டு சிட்டிகை. அத்தனையையும் எண்ணிப் போடுவதற்குள் குழந்தை எழுந்துவிடும், ஆகவே ஒரு பிடி. இதுவரை என் கணக்கில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

கல்லுப்பைப் பிடியில் அள்ளினேன். மாலா அழுதாள். ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் என் கையில் உப்பு இல்லை. உப்பு ஜாடியின் மூடி திறந்து கிடந்தது. மூடி திறந்திருந்தால் போட்டுவிட்டேன் என்று அர்த்தமா, இனிமேல்தான் போட வேண்டும் என்று அர்த்தமா? அவசரத்தில் உப்பை ஜாடியிலேயே திரும்பக் கொட்டிவிட்டு ஓடியிருந்தால்? மறுபடியும் ஒரு பிடி அள்ளினேன்.

உடனே குழாயடியில் என் முறை வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீரோடு வந்து பார்த்தால் ஜாடி மூடியிருந்தது. இப்போது சந்தேகம் திரும்பி நின்றது. போட்டுவிட்டு மூடினேனா, மூடிவிட்டுப் போகலாம் என்று போடாமலே போனேனா? நின்று யோசித்தேன். உப்புக் குறைந்தால் இஸ்திரிப் பெட்டி ஒட்டும், ஆறு குடும்பம் தெருவில் நிற்கும். உப்புக் கூடினால் என்ன? கோட்டு முகத்தைச் சுளிக்கப் போகிறதா? இன்னொரு பிடி போட்டேன்.

ஆக, ஒன்றுக்குக் குறையாது, மூன்றுக்கு மேல் போகாது. இதற்கு மேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கோட்டுகளைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்கும் வேலித் தூணுக்கும் இடையே கட்டிய கொடியில் காயப் போட்டேன். அதிலும் ஒரு புத்திசாலித்தனம். தோள் பக்கம் தொங்கவிட்டால் தோளில் கயிற்றுத் தடம் விழும் என்று, அடிப்பக்கத்தைக் கொடியில் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஆறு கோட்டும் கைகளைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு வௌவால் மாதிரி வரிசையாகத் தொங்கின. நல்ல வெயில். மனம் நிறைந்துவிட்டது. உள்ளே போய் மாலாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன்.

மத்தியானம் செவலை வந்தது. முதல் வீட்டுப் பானையில் வாயை வைத்தது, கஞ்சி இல்லை. இரண்டாம் வீட்டில் இல்லை. இதெல்லாம் பிறகு ராவியா அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு பானையிலும் மூக்கை விட்டு எடுத்து, ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனதாம். வீரப்பண்ணன் குழாயடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வழி தெரிந்த மாட்டுக்குக் காவல் எதற்கு? எட்டாவது வீட்டுக்கு வந்த செவலை அங்கே பானையைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே அதன் மூக்குக்குச் செய்தி போய்விட்டது. எட்டு வீட்டுக் கஞ்சியும், உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த எனக்கு வெளியே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. யாரோ துணி கசக்குகிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் செவலை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து ஒரு வெள்ளைக் கை வெளியே தொங்கியது. மனுஷக் கை என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். கை அங்குலம் அங்குலமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு மாடு என்றால் பயம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அகப்பையை ஆட்டி, “போம்மா, போயிடும்மா” என்று கெஞ்சினேன். செவலை அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது. ராவியா அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்து ஒன்று வைத்த பிறகுதான் விலகியது. வீரப்பண்ணன் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொடியைப் பார்த்து, என்னைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு கோட்டில் பன்னிரண்டு கை. ஒரே ஒரு கைதான் தப்பியிருந்தது. மற்றவையெல்லாம் முழங்கை வரைக்கும் கந்தல், எச்சில், பச்சைக் கறை. ஒரு பித்தளைப் பொத்தானைக் காணவில்லை. எங்கே போயிருக்கும் என்று எல்லாரும் செவலையின் வயிற்றைப் பார்த்தோம்.

நான் படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். ராவியா அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “அழுவுறத கோட்டு வாங்க ஆக்கள் வந்துட்டுப் போன பொறவு அழுவலாம் புள்ள. இப்ப கத்திரிய எடு.”

அக்காவிடம் கையால் சுற்றுகிற தையல் மெஷின் இருந்தது. அவர் சுற்ற, நான் வெட்ட, பக்கத்து வீட்டுப் பெண்கள் பொத்தான்களைப் பிரித்தெடுக்க, முழங்கைக்கு மேலே எல்லாக் கைகளும் போயின. ஜோடி சேர வேண்டுமே என்று தப்பிய அந்த ஒரு கையையும் நானே வெட்டினேன். திரும்பத் துவைக்க நேரமில்லை. கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்தேன். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டி ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை. பத்திரிகை சொன்னது முழு உண்மை.

சாயங்காலம் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் என் வீட்டுக்காரரும் பெரியசாமி அண்ணனும் கோட்டுகளை வாங்கிப் போக வந்தார்கள். என் வீட்டுக்காரர் மேலே இருந்த கோட்டை விரித்துப் பிடித்தார்.

“கை எங்க?”

“மாடு தின்னுருச்சுங்க.”

“ஆறு கோட்டு கையையுமா?”

“ஒண்ணு தப்பிச்சுது” என்றேன். “அத நான் வெட்டிட்டேன்.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பெரியசாமி அண்ணன்தான் கோட்டைப் போட்டு, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். “காத்து நல்லா வருது லா” என்றார். “வா தம்பி, போறதுதான் போறோம், ஆறு பேரா போவோம்.”

அன்று ராத்திரி முழுக்க நான் என்ன பாடு பட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு பேரும் வேலை போய்த் திரும்பி வருவது போலவும், ஆறு வீட்டுப் பெண்களும் என்னைத் தேடி வருவது போலவும் நினைத்து நினைத்து, அவர்களிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில்கூட என்னால் உப்பைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. மாடு, மாடு என்றே வந்தது.

நடந்ததை மறுநாள் காலையில் அவர் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். பட்லர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் இந்த ஆறு பேர் முன்னால் நின்றுவிட்டாராம். முழங்கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை, வாசலில் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆறு பேரிடமும், மண்டபத்துக்குள் வரக் கூடாது, வராந்தாவில் பரிமாறுங்கள், நாளைக்குப் பேசிக்கொள்வோம் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாராம். நாளைக்குப் பேசுவது என்றால் என்ன என்று ஆறு பேருக்கும் தெரியும்.

வராந்தாவில் கிளப்புச் செயலாளருடைய மனைவியின் நாய் இருந்தது. கண் தெரியாமல் முடி வளர்ந்த சின்ன நாய், ஆனால் அதுவரை எந்தப் பணியாளையும் கடிக்காமல் விட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு நாய் என்றால் எனக்கு மாடு போல. அவர் சூப்புத் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது அது எழுந்து வந்தது. கடிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாராம். கடிக்கவில்லை. கோட்டின் நுனியை நக்கத் தொடங்கியது. அவர் நகர்ந்தார், நாயும் நகர்ந்தது. அவர் வேகமாக நடந்தார், நாயும் நடந்தது. சூப்பு பரிமாறி முடிக்கும்வரை வராந்தா முழுவதும் அவருக்குப் பின்னால் கோட்டை நக்கிக்கொண்டே வந்ததாம். வேர்க்க வேர்க்க உப்பு இன்னும் ஊறியிருக்கும் போலிருக்கிறது, கடைசியில் நாய் பின்னங்காலில் நின்றுகொண்டதாம்.

அந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். என் நாய் இப்படி யாரிடமும் பழகியதில்லை, இவர் மிகவும் நல்ல மனுஷர், மிருகங்களுக்குத் தெரியும் என்றார். பட்லரைக் கூப்பிட்டு அதையே அவரிடமும் சொன்னார். கூடவே, வராந்தா வெக்கைக்கு அரைக்கை வைத்தது நல்ல யோசனை என்றும் பாராட்டினார். பட்லர் ஒரு நொடி யோசித்துவிட்டு, தாமே ஏற்பாடு செய்ததாகத் தலை வணங்கினாராம்.

அதோடு ஆறு பேருடைய வேலையும் தப்பியது. வராந்தாக்காரர்களுக்கு அரைக்கை என்பது அந்தக் கிளப்பில் சட்டமே ஆகிவிட்டது. ஆனால் பட்லர் புத்திசாலி. என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, நாளையிலிருந்து எல்லாக் கோட்டும் சலவைக்காரரிடம்தான் போக வேண்டும், உன் பெண்டாட்டி கை பட்ட கோட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றார். என் சலவைத் தொழில் மூன்றே வாரத்தில் முடிந்தது.

முடிந்தது என்று நிம்மதியாக இருக்க விட்டார்களா? அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் நாயை நடத்திக்கொண்டு போகிற வேலையை என் வீட்டுக்காரருக்கே கொடுத்தார். அதற்குத் தனியாகச் சம்பளம். நான் சலவையில் சம்பாதித்ததைவிட அதிகம். அவர் பயந்து நடுங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டார். சலவைக்காரரிடம் போய் வந்த கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் நாள் போனார். நாய் மோந்து பார்த்துவிட்டு உறுமியது.

வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். “வசந்தா, அன்னிக்கி எவ்வளவு உப்புப் போட்ட? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லு.”

இதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக் கோட்டின் நுனியில் தெளித்து அனுப்பினேன். ஒரு பிடி கரைத்த தண்ணீரை நாய் மதிக்கவில்லை. மூன்று பிடிக்கு நக்கிவிட்டு வழியில் கண்ட வாய்க்காலில் எல்லாம் தண்ணீர் குடித்து, நடக்க முடியாமல் அவர் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இரண்டு பிடிக்கு ஒரு நாள் சரியாக இருந்தது, மறுநாள் மழை. அந்தக் குடும்பம் சீமைக்குக் கப்பலேறுகிறவரை ஒன்றரை வருஷம் நான் ஒரு நாய்க்கு ருசி பார்த்துச் சமைத்தேன். ஒரே ஒரு தடவைதான் அவரைக் கடித்தது. அது உப்பில்லாத நாள்.

இதுவரை எழுதியது சிரித்துவிட்டுப் போகிற கதை. எங்கள் வீட்டில் இன்றும் நான் அடுப்படியில் நின்று, “உப்புப் போட்டேனா?” என்று கேட்டால், என் வீட்டுக்காரர் சட்டைக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். மாலாவும் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடச் சட்டையின் சின்னக் கைகளை ஒளித்துக்கொள்கிறாள். இருக்கட்டும். நான் இதை எழுத உட்கார்ந்தது வீரப்பண்ணனுக்காக.

அந்தச் சம்பவம் நடந்த மூன்றாம் நாள் காலை வீரப்பண்ணன் வாழையிலையில் எதையோ மடித்துக் கொண்டுவந்தார். பித்தளைப் பொத்தான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. (எப்படித் தேடினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.) “ஏம் மாடு ஒங்க பொழப்புல வாய வச்சிருச்சு தங்கச்சி” என்றார். பிறகு குழந்தைக்கு என்று தனியாக ஒரு குவளை பால் ஊற்றினார். காசு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாளும்.

நான் சொல்லியிருக்க வேண்டும். செவலைமேல் தப்பில்லை அண்ணே, அதன் கஞ்சியை நான்தான் எடுத்தேன், எடுத்ததோடு உப்பையும் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன் என்று. முதல் நாள் சொல்ல வாயெடுத்தேன், அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை வாயெடுத்தபோது மாலா அந்தப் பாலைக் குடித்துவிட்டு, உதட்டில் வெள்ளை மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாதக் கடைசி. வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் தடவை, நாளைக்குச் சொல்லலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் பால் வந்தது. இரண்டு வருஷமும் செவலை எங்கள் வரிசைக்குள் வரும்போது வாயில் பிரம்புக் கூடை கட்டித்தான் வந்தது. ஒவ்வொரு பானைக்கு முன்னாலும் அண்ணன் அவிழ்ப்பார், குடித்ததும் கட்டுவார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது கூடைக்கு மேலே என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். கூடுதலாக வடித்த கஞ்சியெல்லாம் அதற்கே ஊற்றினேன். உப்புப் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

பிறகு நாங்கள் இந்த அடுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணனும் மாடுகளை விற்றுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை பார்க்கிறார். செவலை கடைசிவரை அவரிடமே இருந்து வயதாகிப் போய்ச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழு மாடி ஏறி வந்தார். (லிஃப்ட்டில் ஏற மாட்டாராம், பயம்.) அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்துவிட்டு, எங்களைப் பார்க்க வந்திருந்த நாலு பேர் முன்னால் பழைய கதையை எடுத்தார். தம் மாடு இந்தத் தங்கச்சிக்குப் பண்ணின அநியாயத்தையும், தங்கச்சி அதற்கு ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் பொறுத்துக்கொண்டதையும் சொல்லிக் கண் கலங்கினார். என் வீட்டுக்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாலாவின் தலையைத் தடவி, “இது செவலை வளத்த புள்ள” என்றார் அண்ணன். கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

“கல்யாணத்துக்கு மொத நாளே வந்துரணும் தங்கச்சி. உக்கிராண ரூம்புச் சாவி ஒங்க கையிலதான். அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் நீங்கதான் அளந்து குடுக்கணும். ஒங்கள மாதிரி நம்பிக்கையான ஆளு எனக்கு வேற யாரு?”

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆகவே வாசகர்களைத்தான் கேட்கிறேன். இப்போதாவது அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் சந்தோஷமாக இருக்கிற மனுஷரின் மனது நோகுமா, கல்யாணம் முடிந்து சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு ஏமாற்றினேன் என்று ஆகுமா, சொல்லாமலே விட்டால் செவலைக்கு யார் பதில் சொல்வது? என் வீட்டுக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். ராவியா அக்காவைக் கேட்டேன், “ஏழு வருஷம் வச்சிருந்த, இன்னும் ஏழு நாளு வையி” என்கிறார், அது முன்னாலா பின்னாலா என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள். இருநூறு பேருக்குச் சமையல். உப்பு மூட்டை என் பொறுப்பில் இருக்கிறது.